ஒரேயொரு இடத்தில் ஆடாத ஸ்டூல்

நம் வயதுக்காரிகளுக்கு முழங்காலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எழும்பும்போது ஒரு "யா அல்லாஹ்", குந்தும்போது ஒரு "யா அல்லாஹ்" என்று முழங்காலே நம்மை திக்ர் செய்ய வைக்கிறது. போன வெள்ளிக்கிழமை பெண்கள் மஜ்லிஸுக்குப் போனபோது பார்த்தேன், பின்வரிசை முழுக்கப் பிளாஸ்டிக் கதிரை. அதில் இருந்து தொழுதவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னோடு பள்ளிக்கூடத்தில் கயிறடித்தவர்கள். தொழுகை முடிந்து கதைத்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி, "நம்மட உம்மாமாரெல்லாம் கால் நோவெண்டா எப்பிடித் தொழுதாங்களோ" என்று கேட்டாள். மற்றவர்களின் உம்மாமாரைப் பற்றி எனக்குத் தெரியாது. என் உம்மா எப்படித் தொழுதார் என்பதைச் சொல்கிறேன். அதில் என் கைவேலையும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பெருமையடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. மருதமுனையில் கடற்கரைக்கும் பெரிய வீதிக்கும் நடுவே எங்கள் வளவு. ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்று உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, மற்றது உம்மாவின் தங்கைக்கு, அதாவது என் சாச்சிக்குக் கொடுத்தது. நம் ஊர் வழமைப்படி வாப்பாவும் சாச்சாவும் வந்து சேர்ந்த மாப்பிள்ளைகள். வளவை ஆண்டது பெண்டுகள்தான், அதிலும் சாச்சியின் வாய்தான். சாச்சி தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பார். தன் வீட்டு வாசலில் ராட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தால், எங்கள் முற்றத்தில் ஒரு காகம் இறங்குவதும் அவருக்குத் தெரியாமல் நடக்காது. வாப்பா விடியமுதல் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து, சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டியில் போட்டு, வயல் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார்.

கச்சான் காற்று அனலாய் வீசுகிற காலம். உம்மா கிணற்றடியில் சவர்க்காரத் தண்ணீரில் வழுக்கி விழுந்து முழங்காலை முறித்துக்கொண்டார். முறிவு வைத்தியர் வந்து பத்துப் போட்டு, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். நாற்பது நாள் கழித்துக் கட்டவிழ்த்தபோது கால் நேராகத்தான் இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் மடங்க மறுத்தது. நிற்கலாம், மெல்ல நடக்கலாம். கட்டிலில் இருந்து எழும்பலாம். நிலத்தில் குந்தினால் மட்டும் அந்தக் கால் முன்னால் நீண்டுகொண்டு நிற்கும், எழும்ப இரண்டு பேர் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். உம்மா தொழும் இடம் உள்ளறையில் கட்டிலுக்கும் நெல் பெட்டகத்துக்கும் நடுவே இருந்த ஒடுங்கிய இடம். ஒரு பாய் விரித்தால் முடிந்தது. நிலத்தில் இருந்து தொழுதால் நீட்டிய கால் நேராக மக்காத் திசையான கிப்லாவைப் பார்க்கும். நம் வீடுகளில் படுக்கும்போதுகூட அந்தப் பக்கம் கால் நீட்டமாட்டோமே, தொழுகையில் நீட்டுவதென்றால்? உம்மா உடம்பைத் திருப்பிப் பார்ப்பார், கால் விலகும், முகமும் விலகிவிடும். மறுபடி நேராவார். ஒருநாள் அஸருக்குப் பின்னால் கதவுக்கு இப்பால் நின்று கேட்டேன். உம்மா அழுதழுது துஆக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யா றப்பே, உண்ட வீட்டுப் பக்கம் கால நீட்டிக்கிட்டு இரிக்கன். மன்னிச்சிரு."

வாப்பா பள்ளியில் தொழுகை நடத்தும் லெப்பையிடம் கேட்டுவந்து, நோவாளிக்கு எல்லாம் கூடும், கால் எந்தப் பக்கம் இருந்தாலும் தொழுகை செல்லும் என்றார்.

"கூடும், ஓம். எனக்குத்தான் மனசு கூடுதில்ல," என்றார் உம்மா.

எங்கள் வீட்டில் அப்போது இருந்தது ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு நீட்டு மர வாங்கு. சாய்மனைக் கதிரைக்குள் போனால் உம்மாவால் வெளியே வர முடியாது. முன் மண்டபத்து வாங்கைத் தூக்க நான்கு பேர் வேண்டும், உள்ளறைக் கதவுக்குள்ளும் அது நுழையாது. கட்டிலோரம் இருந்தால் முகம் பெட்டகத்தைப் பார்க்கும், கிப்லாவை அல்ல. ஆகவே ஒரு ஸ்டூல் செய்விப்பது என்று முடிவானது. பாண்டிருப்பு ஓடாவி எங்கள் தெருவில் ஒரு கலியாண வீட்டுக்குக் கதவு, யன்னல் செய்துகொண்டிருந்தார். வாப்பா போய்க் கேட்டார். நாளைக்குத் தருகிறேன் என்றார் ஓடாவி. அவரின் 'நாளைக்கு' என்ற சொல்லை நம்பிக் கலியாணங்களே பிந்தியிருக்கின்றன. நாலைந்து 'நாளைக்கு' போன பிறகு, தங்கள் கோயில் சடங்கு தொடங்குகிறது, நேர்ச்சை முடியும்வரை வாள் தொடமாட்டேன், நோன்புத் தலைப்பிறைக்குள் தருகிறேன் என்றார். அதைக் கேட்டு வாப்பா திரும்பிவந்தார். நேர்ச்சை என்றால் நேர்ச்சைதானே.

நோன்புக்கு இன்னும் ஏழெட்டுக் கிழமை இருந்தது. உம்மாவின் கவலை முழுக்க நோன்பு இரவுத் தொழுகையான தறாவீஹைப் பற்றித்தான். ஒரு இரவில் இருபது றக்அத், முப்பது இரவு, கிப்லாவுக்குக் கால் நீட்டிக்கொண்டு. அன்றைக்கு நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், பிறை தெரிவதற்குள் உம்மா ஒரு ஸ்டூலில் இருந்து தொழுவார், அதை நான் செய்வேன் என்று. எனக்கு மரவேலையில் ஒரு ஆணி அடித்த பழக்கமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆண்பிள்ளைகளுக்கு மரவேலை, எங்களுக்குத் தையல். அவர்கள் வாள் பிடிப்பதை யன்னலால் எட்டிப் பார்த்து ஏச்சு வாங்கியதுதான் என் படிப்பு.

வாப்பா மீன்பெட்டி திருத்துவதற்கு வைத்திருந்த வாளும் சுத்தியலும் இருந்தன. ஒரு பால்மா டின் நிறையக் கோணல் ஆணி. பழைய பெட்டி ஒன்று உடைந்து கிடந்தது. அதன் பலகைகளைக் கழற்றி, உரலின் மேல் வைத்து, இடக்காலால் மிதித்துக்கொண்டு அறுக்கத் தொடங்கினேன். கரித்துண்டால் கோடு நேராகத்தான் போட்டேன். வாள் தன் இஷ்டத்துக்குப் போனது.

சாச்சி ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "என்னகா இது? இந்தச் சத்தத்துக்கு என்ட கோழி அடையில இருந்து எழும்பிட்டு."

"உம்மாக்கு ஸ்டூல் செய்றன் சாச்சி."

"பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு வாள்? கையத் தறிச்சிக்கிட்டு வந்தா நாளைக்கு ஆர் ஒன்னக் கட்டுவான்?"

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாளில் என் முதல் ஸ்டூல் எழுந்து நின்றது. நான்கு கால், மேலே மூன்று பலகைத் துண்டு. உம்மாவின் அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஆடியது. எந்தக் கால் நீளம் என்று பார்த்து அதைக் கொஞ்சம் வெட்டினேன். இப்போது மற்றக் கால் எழும்பியது. அதை வெட்டினேன். திரும்ப முதல் கால். பின்னேரம் முழுக்க வெட்டிக்கொண்டே இருந்தேன். முழங்கால் உயரத்தில் தொடங்கிய ஸ்டூல், மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது ஒரு சாணுக்கு இறங்கி வந்திருந்தது. அப்போதும் ஆடியது.

உம்மா என் முகத்துக்காக அதில் குந்தினார். குந்தியவரால் எழும்ப முடியவில்லை. நான் ஒரு கையைப் பிடித்து இழுக்க, சாச்சி ஓடிவந்து மற்றக் கையைப் பிடிக்க, சாச்சிக்குச் சிரிப்பு வந்து கை வழுக்க, உம்மாவும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மீன் மணம் போகாத அந்த ஸ்டூலை வீட்டுப் பூனை எடுத்துக்கொண்டது. இரவும் பகலும் அதிலேயே படுத்துக் கிடந்தது.

நோன்புக்குப் பதினைந்து நாள் முன்னால் வரும் விராத்து இரவுக்கு முதல் நாள் வீடு கழுவினோம். விராத்து ரொட்டி சுடுவதற்கு முன்னால் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் கழுவுவது எங்கள் வளவின் வழக்கம். உம்மாவின் அறையில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு விளக்குமாற்றோடு நின்றேன். நான் தள்ளும் முன்பே தண்ணீர் தானாகப் புறப்பட்டு, பெட்டகத்தைச் சுற்றி, மேற்கு மூலையில் இருந்த ஓட்டைக்குள் போய் இறங்கியது. கழுவும் தண்ணீர் வெளியே போவதற்காகவே அந்தச் சீமேந்துத் தரையை ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாகச் சரித்துப் போட்டிருக்கிறார்கள். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நானும் வருடாவருடம் பார்த்த விஷயம். ஆனால் அன்றைக்குத்தான் விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

பூனையைத் தள்ளிவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அடுக்களையில் வைத்தேன், வேறொரு கால் ஆடியது. சாச்சியின் மண்டபத்தில் வைத்தேன், இன்னொன்று. குற்றம் காலில் இல்லை, நிலத்தில். நான் சும்மா இருந்த கால்களை வெட்டித் தள்ளியிருக்கிறேன்.

வாப்பா வந்ததும் சொன்னேன். "வாப்பா, உம்மாட அறை நிலம் சரிவு. ஓடாவிக்குச் சொல்லுங்க."

"நிலமெண்டாச் சரிவாத்தான் இரிக்கும். கதைக்காமப் போய் ஓது மகள்."

உம்மாவின் தொழும் இடமோ மாறாது. கட்டிலையும் பெட்டகத்தையும் நகர்த்த முடியாது, கிப்லாவையும் நகர்த்த முடியாது. அப்படியென்றால் ஸ்டூல் ஊருக்கெல்லாம் சரியாக நிற்கத் தேவையில்லை. அந்த ஒரு இடத்தில், அந்த ஒரு பக்கம் பார்த்து நின்றால் போதும். இதை நானே கண்டுபிடித்தேன் என்பதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

மரம்தான் இல்லை. கால்களுக்கு, நேர்ச்சை முடித்து ஓடாவி கலியாண வீட்டு வேலைக்குத் திரும்பிய அன்றைக்குப் போய், நிலைக்கு அறுத்து எஞ்சிய நான்கு தடித்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

"என்ன பிள்ள, அடுப்புக்கா?" என்று கேட்டார் ஓடாவி.

"ஓம்," என்றேன். உண்மையைச் சொன்னால் அவரும் சிரிப்பார் என்று பயம்.

இருக்கைக்கு ஒரு அகலமான பலகை வேண்டும். கிணற்றுக்குப் பின்னால், எலுமிச்சை மரத்தடியில், வேலியோடு சாய்த்தபடி ஒன்று நின்றது. மாம்பலகை. கைவிரல் தடிப்பு, வெயிலில் சாம்பல் பூத்து, நன்றாகக் காய்ந்திருந்தது. போன வருடத்திலிருந்து அங்கேதான் நின்றது. விறகு தட்டுப்பட்ட நாளில்கூட யாரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சாச்சியின் வாய்க்குப் பயந்து, கிணற்றுக்குப் பின்னாலேயே வைத்து, அவர் நூல் கொடுக்கப் போகும் நேரங்களில் மட்டும் அறுத்தேன். பாதியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியை இருந்த இடத்திலேயே பழையபடி சாய்த்துவைத்தேன்.

மாம்பலகை மீன்பெட்டிப் பலகை மாதிரி இளகிக் கொடுக்காது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன் மேலேயே திரும்ப வந்தது. சீலைத்துண்டைச் சுற்றிக்கொண்டு அறுத்தேன். ஆனால் அறுத்த வாயிலிருந்து வந்த மணம் இருக்கிறதே, சாம்பல் பூத்த மரத்துக்குள் ஒரு இனிப்பு மணம், அதை நான் பிறகு எந்தத் தளபாடக் கடையிலும் முகர்ந்ததில்லை.

உயரம் எவ்வளவு என்பதை உம்மாவே காட்டிக் கொடுத்தார், தனக்குத் தெரியாமல். பாதி நெல் மூடையில் அவர் இருந்து எழும்பும்போது கஷ்டப்படுவதில்லை என்று கவனித்தேன். மூடை இரண்டு சாண் நாலு விரல். உம்மா குளிக்கப் போன நேரம் அறைக்குள் புகுந்து, பாய் விரிக்கிற இடத்தில் செங்கல்லும் சிரட்டையும் அடுக்கி, அந்த உயரத்துக்குப் பலகையை வைத்தேன். பலகையின் மேல் ஒரு பீங்கானில் தண்ணீர். தண்ணீர் எல்லாப் பக்கமும் விளிம்புக்குச் சமமாக நிற்கும்வரை சிரட்டைக்கு மேல் மட்டைத்துண்டு, மட்டைத்துண்டுக்கு மேல் கடதாசி என்று செருகிக்கொண்டே இருந்தேன். பிறகு நான்கு மூலையிலும் தரைக்கும் பலகைக்கும் நடுவே ஈர்க்கைப் பிடித்து ஒடித்தேன். நான்கு ஈர்க்கு, நான்கு நீளம். மாறிப்போகாமல் இருக்கச் சாச்சியின் கழிவு நூலில் ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு வெள்ளை கட்டி, நாலாவதை வெறுமனே விட்டேன். கால்கள் நிற்க வேண்டிய இடத்தைக் கரியால் தரையில் புள்ளி வைத்தேன். இதெல்லாம் ஒரே நாளில் முடிந்ததென்று நினைக்காதீர்கள். உம்மா மூன்று தரம் இடையில் வந்தார், மூன்று தரமும் எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அடித்த முதல் ஆணியிலேயே ஒரு கால் பிளந்தது. துண்டு வேறு இல்லை. ஒருநாள் முழுக்கக் கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மறுநாள் பிளந்த பக்கத்தை வெட்டிக் கழித்துப் பார்த்தேன், அது பச்சை நூல் ஈர்க்குக்குச் சரியாக வந்தது. குட்டையான கால் அதுதான். அல்லாஹ் என் பக்கம் என்று அன்றைக்கு நிச்சயமாகிவிட்டது. பிறகு ஆணி அடிப்பதற்கு முன்னால் வாப்பாவின் பழைய சைக்கிள் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஓட்டை சுட்டேன். புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு துண்டும் பிளக்கவில்லை, என் இடது பெருவிரல் நகத்தைத் தவிர. மீன்பெட்டி மிச்சத்தில் குறுக்குச் சட்டம் நான்கு அடித்தேன். உடைந்த போத்தல் துண்டால் இருக்கையைச் சுரண்டி, தும்பும் கடல் மண்ணும் போட்டுத் தேய்த்தேன். கன்னத்தை வைத்துப் பார்த்தால் உறுத்தாது.

நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேலை முடிந்தது. முற்றத்தில் வைத்தால் நொண்டி ஆடு நிற்பது மாதிரி நின்றது. அறைக்குள் கொண்டுபோய்க் கரிப்புள்ளிகளின் மேல் ஒவ்வொரு காலாக இறக்கினேன். கையை எடுத்தேன். நான்கு காலும் நிலத்தைப் பிடித்துக்கொண்டன. ஏறி நின்றேன். குதித்தேன். அசையவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, ஒரு மகன் டொக்டராக வந்தான். அந்த அஸர் நேரத்துச் சந்தோசத்துக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு அதிகம் ஒன்றும் இல்லை.

உம்மா தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துகொண்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். என் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் கை வைத்துக் குந்தப் போனார்.

"ராத்தா, குந்தாத."

சாச்சி. நோன்புக்கு ஊறுகாய் போட எலுமிச்சம்பழம் பறிக்கப் போனவர், கையில் அந்தப் பாதிப் பலகையோடு நின்றார்.

"இது என்னெண்டு தெரியுதா ஒனக்கு? நம்மட வாப்பாட கபுறுக்கு வெட்டின பலகை. கூடிப்போச்செண்டு திருப்பிக் கொண்டந்தது."

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் அடக்கம் நடக்கும் மையவாடிக்குப் போவதில்லை. இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கு வாசலைத் தாண்டினால் அதற்குப் பிறகு நடப்பது ஆண்களின் அலுவல். மையத்தைக் கபுறுக்குள் வைத்து, மேலே பலகை சாய்த்து அடுக்கி, பிறகுதான் மண் தள்ளுவார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. போன வருடம் என் மூத்தவாப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, மௌத்தானபோது ஒரு பலகை மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியதைக் கதவுக்கும் போடமாட்டார்கள், அடுப்பிலும் வைக்கமாட்டார்கள். அதனால்தான் அது அங்கே நின்றது.

உம்மா ஸ்டூலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எனக்குத் தெரியா உம்மா," என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

"மையத்துப் பலகைய வீட்டுக்குள்ள வெச்சிக்கிட்டு நோன்பு புடிக்கப் போறியளா?" என்றார் சாச்சி.

வாப்பா வந்தார், கேட்டார். என்னை ஏசவில்லை. ஸ்டூலைத் தூக்கிக் கொண்டுபோய் வேலியோரம் வைத்துவிட்டு வந்தார்.

"நல்ல எண்ணத்திலதான் செஞ்ச. விடு மகள். நான் இப்பவே பாண்டிருப்புக்குப் போறன்."

நேர்ச்சை முடிந்திருந்த ஓடாவி, சொன்ன சொல் தவறாமல் ஒரு ஸ்டூலை முடித்து வைத்திருந்தார். மறுநாள் காலை வாப்பா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். தேக்கு. நான்கு காலும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. மண்டபத்தில் வைத்தபோது கல்லுப்போல நின்றது. உம்மாவின் அறையில், தொழும் இடத்தில் வைத்தார்கள். டக், டக் என்று ஆடியது. வாப்பா ஒரு காலுக்கடியில் கடதாசி மடித்து வைத்தார். உம்மா லுஹர் தொழத் தொடங்கினார். ருகூஉக்குக் குனிந்தபோது கடதாசி வழுக்கி, ஸ்டூல் சரிந்து, உம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தப்பினார்.

"ஓடாவி பிழையாச் செஞ்சிட்டான்," என்றார் வாப்பா.

"அவர் சரியாத்தான் செஞ்சிரிக்கார். நிலம்தான் சரிவு," என்றேன். இரண்டாம் தரம் சொல்கிறேன்.

வாப்பா வாளியில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து தரையில் ஊற்றினார். அது ஓடிப்போவதைப் பார்த்தபடி நின்றார். பிறகு வெளியே போய் வேலியோரம் நின்ற என் ஸ்டூலைக் கவிழ்த்து, நான்கு கால்களையும் கையால் தடவித் தடவிப் பார்த்தார். நேரே பள்ளிக்குப் போய் லெப்பையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

லெப்பை மண்டபத்து வாங்கில் இருந்தார். உம்மா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றார். நான் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பலகையில குந்தித் தொழுறது ஹறாமா?" என்று கேட்டார் உம்மா.

"ஹறாமெண்டு சொல்ல ஏலா."

"நஜீஸா?"

"மரம் எப்பிடி அசுத்தமாகும்? அதெல்லாம் இல்ல." லெப்பை தொண்டையைச் செருமினார். "ஆனா சனம் கதைக்கும். பள்ளிக்குக் குடுத்தா மோதினார் ஆருக்கும் கபுறுக்கு எடுப்பார். அதுதான் பேணுதல்."

"சனம் வந்து என்ட தொழுகையத் தொழப்போறதில்லயே," என்றார் உம்மா.

லெப்பை சிரித்துவிட்டார். வாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை.

அன்று பின்னேரம் கச்சான் ஓய்ந்து, மேற்கே மழைக்கால மேகம். மேகத்துக்கு நடுவே பிறை தெரிந்துவிட்டதென்று தெருவெல்லாம் சத்தம். பள்ளியில் தக்பீர் கேட்டது. ஆண்கள் எல்லோரும் தறாவீஹுக்குப் போய்விட்டார்கள். உம்மா உளூச் செய்துகொண்டு, தொழுகை உடுப்பை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"மகள், ஒண்ட ஸ்டூல எடுத்து வா."

நான் ஓடிப்போய்த் தூக்கி வந்து, கரிப்புள்ளிகளின் மேல் இறக்கினேன். உம்மா அதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"வாப்பாக்குக் கூடிப்போன பலகை," என்றார். என்னிடமா, தனக்குத்தானா தெரியாது. "எனக்குக் குறைஞ்சுபோன நேரம் வந்திரிக்கி."

பிஸ்மி சொல்லிக் குந்தினார். முழங்கால் பாதி மடங்கியது, பாதம் நிலத்தில் ஊன்றியது. கிப்லாவின் பக்கம் நீளவில்லை. முறிந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் முதுகு நேராக இருந்து தக்பீர் கட்டினார். நான் கட்டிலோரம் நிலத்தில் குந்தி, ஸ்டூலின் கால்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிவப்பு நூல் கால், பச்சை நூல் கால், வெள்ளை நூல் கால், நூல் கட்டாத கால். உம்மா குனியும்போதெல்லாம் என் மூச்சு நின்று வந்தது. இருபது றக்அத். ஒரு தரமும் ஆடவில்லை. சாச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அறை வாசலிலேயே இருந்தார். வீடு எப்போது இடிந்து விழும் என்று பார்க்கத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். சலாம் கொடுத்து முடிந்ததும் அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன். அவர் எழும்பித் தன் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு உம்மா வேறு எதிலும் இருந்து தொழவில்லை. ஓடாவியின் தேக்கு ஸ்டூல் மண்டபத்தில் விருந்தாளிகளுக்கு ஆனது. நான் கலியாணம் முடித்து, சீதன வீடு அடுத்த தெருவில் என்று ஆன பின்னும், உம்மாவின் அறையில் அது அதே இடத்தில்தான் நின்றது. பிறகு சுனாமியாய்க் கடல் வந்த அன்று அந்த வீட்டோடு அதுவும் போனது. உம்மா அதைப் பார்க்கவில்லை, அதற்கு நாலைந்து வருடம் முன்பே மௌத்தாகிவிட்டார்.

உம்மா மௌத்தாகி மூன்றாம் நாள் கத்தம் ஓதிய அன்று சனமெல்லாம் போன பிறகு, நானும் சாச்சியும் அந்த அறையைக் கூட்டிக்கொண்டிருந்தோம். ஸ்டூலை நகர்த்த வந்தபோது நான் பழைய கோபத்தைச் சிரிப்பாகச் சொன்னேன், அன்றைக்கு நீங்கள் கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் இருந்தது எனக்கு மறக்காது சாச்சி என்று. சாச்சி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"கோவத்திலயா குந்தினன் நான்? ஒண்ட உம்மா கூப்பிட்டாகா. வாப்பா மௌத்தானதிலிருந்து அவ அந்தப் பலகை நிண்ட பக்கமே பாக்கமாட்டா. கிணத்துக்குப் பின்னால போகவே மாட்டா. அண்டைக்கு மஃரிபுக்குப் பொறகு வந்து, 'எனக்குக் கை நடுங்குது, நான் தொழுது முடியிற வரைக்கும் வாசல்ல குந்திக்க, போயிராத' எண்டா. 'அப்ப ஏன் ராத்தா இந்தக் கஷ்டம், ஓடாவிட ஸ்டூல எங்கட மண்டபத்தில போட்டுத் தொழன், அங்க ஆம்பிளையளும் இல்ல' எண்டன்."

"அதுக்கு உம்மா என்ன சொன்னா?"

"'புள்ள பாத்துக்கிட்டு இரிப்பாள்' எண்டா."

இருபது றக்அத்தும் நான் ஸ்டூலின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உம்மாவின் கைகளை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.